அஞ்சல்வழியிலிருந்து இணையவழி வரை: இணையக் கல்விக் கலைச்சொற்களின் வரலாறும் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரமும்

ஆய்வுச் சுருக்கம்

இணையவழிக் கல்வியைச் சுட்டும் தமிழ்ச் சொற்கள் அரை நூற்றாண்டுக்கால வளர்ச்சி உடையவை. அவற்றுள் கல்விமுறைகளின் பெயர்கள் உறுதியாக நிலைபெற்றன. கற்போர் திரையில் செய்ய வேண்டிய செயல்களைக் குறிக்கும் சொற்கள் அவ்வாறு நிலைபெறவில்லை. இவ்வேறுபாட்டின் வரலாற்றுக் காரணங்களையும், ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரத்தில் தொழில் பயில்வோர்க்கு அது ஏற்படுத்தும் இடர்ப்பாட்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கலைச்சொல், அஞ்சல்வழிக் கல்வி, இணையம், தொழிற்பழகுநர், ஒரகடம்.

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சிப்காட் தொழிற்பூங்காக்கள் 1990களின் பிற்பகுதியிலிருந்து பெருந்தொழில் வட்டாரமாக வளர்ந்தன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் கைபேசி ஆலை 2006 முதல் 2014 வரை இயங்கியது. பள்ளிக் கல்வி முடித்த இளம்பெண்கள் அதில் பெருந்தொகையினராகப் பணியாற்றினர். ஒரகடத்தில் ரெனோ – நிசான் ஆலை 2010இலும் டைம்லர் கனரக வாகன ஆலை 2012இலும் திறக்கப்பட்டன.

கைபேசியை உற்பத்தி செய்த இவ்வட்டாரத்தில் இன்று அக்கருவியே தொழில் பயில்வோரின் வகுப்பறையாகவும் அமைந்துள்ளது. அக்கருவிக்கே தமிழில் பெயர்கள் பல. தமிழ்நாட்டில் கைபேசி, செல்பேசி, அலைபேசி என்பனவும், சிங்கப்பூர், மலேசியாவில் கைத்தொலைபேசி என்பதும், இலங்கையில் கையடக்கத் தொலைபேசி என்பதும் வழங்குகின்றன. ஆயினும் அதன் வழியாகப் பெறும் கல்வியின் பெயரில் இத்தகைய வேறுபாடு மிகுதியாக இல்லை. ‘இணையவழிக் கல்வி’ என்பது எங்கும் விளங்கும் தொடராக உள்ளது. இந்நிலை உருவான வரலாறு ஆராயத்தக்கது.

வழியைச் சுட்டும் பெயர்கள்

வகுப்பறைக்கு வெளியே கற்பிக்கும் முறை இந்தியாவில் 1962இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும் சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் இதனை மேற்கொண்டன. அக்காலத்தில் இம்முறை ‘அஞ்சல்வழிக் கல்வி’ எனப்பட்டது. பாடங்கள் அஞ்சலில் வந்தமையால் பெயர் பொருத்தமாக அமைந்தது. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டன. வானொலி, தொலைக்காட்சி, நேர்முக வகுப்பு எனப் பல ஊடகங்கள் இணைந்தபோது அஞ்சல் என்னும் அடை போதாததாயிற்று; ‘தொலைநிலைக் கல்வி’, ‘திறந்தநிலைக் கல்வி’ என்பன வழக்கிற்கு வந்தன.

இணையம் வந்தபின் தோன்றிய ‘இணையவழிக் கல்வி’ என்னும் தொடர் ‘அஞ்சல்வழி’ என்பதன் சொல்லமைப்பையே மீண்டும் ஏற்றது. முன்சொல் மாறிற்று, ‘வழி’ என்னும் வருமொழி உறுப்பு மாறவில்லை. நீக்கப்பெற்ற ‘அஞ்சல்’ என்னும் சொல்லும் மறையாமல் ‘மின்னஞ்சல்’ எனப் புதுவாழ்வு பெற்றது. பழகிய உறுப்புகளைக் கொண்டு அமைந்தமையே இச்சொற்கள் விரைந்து பரவியதற்குக் காரணம் எனலாம்.

‘இணையம்’ என்னும் அடிச்சொல்

‘இணையம்’ என்னும் சொல்லைப் படைத்தவராகச் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி போற்றப்படுகிறார். சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றிய அவர், 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர்; 1997இல் சிங்கப்பூரில் நடந்த முதல் தமிழ் இணைய மாநாட்டின் அமைப்பாளர். ‘இணை’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த இச்சொல் இணையதளம், இணையப்பக்கம், இணையவழி எனக் கிளைத்தது. ‘வலை’ என்னும் மற்றோர் அடியும் வலைத்தளம், வலைப்பூ, வலையொளி எனக் கிளைத்துள்ளது. இவ்விரு அடிகளும் இன்றும் அருகருகே வழங்குகின்றன.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு விசைப்பலகைத் தரப்பாட்டிற்கு வழிவகுத்தது. தமிழ் இணையப் பல்கலைக்கழகம் அமைக்கும் அறிவிப்பும் அம்மாநாட்டில் வெளிவந்தது. 2001 பிப்ரவரியில் தொடங்கப்பெற்ற அந்நிறுவனத்தின் உருவாக்கத்தில், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த வா.செ. குழந்தைசாமி பெரும்பங்கு ஆற்றினார். தொலைநிலைக் கல்வியின் அனுபவமும் தமிழ்க் கணிமை முயற்சியும் இங்கு ஒன்றிணைந்தன.

இந்நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரில் உள்ள ‘விர்ச்சுவல்’ என்னும் அடை தமிழ்ப் பெயரில் ‘இணைய’ என வந்துள்ளமை நோக்கத்தக்கது. இன்று அச்சொல்லுக்கு ‘மெய்நிகர்’ என்னும் நேர்ச்சொல் உண்டு. ஆயினும் நிறுவனம் ‘தமிழ் இணையக் கல்விக்கழகம்’ எனப் பெயர் மாறியபோதும் ‘இணைய’ என்னும் அடை நீடித்தது. கல்வி வந்தடையும் வழியையே பெயராக்கும் தமிழ் மரபின் தொடர்ச்சியாக இதனைக் கொள்ளலாம்.

செயற்சொற்களின் நிலை

கல்விமுறைகளின் பெயர்கள் பெற்ற உறுதியைக் கற்போர் செய்ய வேண்டிய செயல்களின் பெயர்கள் பெறவில்லை. ஒரு தளத்தினுள் செல்லும் செயலுக்கு ‘உள்நுழைவு’ என்பது பெருவழக்கு. தமிழ் விக்கிப்பீடியா ‘புகுபதிகை’ என்றது. பேச்சில் ‘லாகின்’ என்பதே நிலவுகிறது. பதிவிறக்கம், தரவிறக்கம் என்னும் இரண்டும் ஒரே செயலைச் சுட்டுகின்றன. காணொளி, காணொலி என்னும் எழுத்து வேறுபாடு இன்னும் தீரவில்லை. ‘கணினி’ என்பது இலங்கையில் ‘கணனி’ எனவும் எழுதப்படுகிறது. ‘கடவுச்சீட்டு’ என்பதன் போக்கில் அமைந்த ‘கடவுச்சொல்’ ஒன்றே இவ்வகையில் பரவலான ஏற்புப் பெற்றது எனலாம்.

பட்டியல்கள் இல்லாமையால் இந்நிலை ஏற்படவில்லை. மணவை முஸ்தபாவின் கணினிக் களஞ்சிய அகராதி, அண்ணா பல்கலைக்கழக வளர்தமிழ் மன்றத்தின் கணிப்பொறிக் கலைச்சொல் அகராதி, உத்தமம் அமைப்பின் கலைச்சொற் பணி எனத் தொகுப்புகள் பல உள்ளன. ‘திறந்தநிலை’, ‘இணையவழி’ போன்ற சொற்கள் நிறுவனப் பெயரிலும் சான்றிதழிலும் அறிவிப்பிலும் நாள்தோறும் எழுதப்பட்டன. செயற்சொற்கள் எழுதப்பட வேண்டிய இடம் திரை. அங்குப் பெரும்பாலும் ஆங்கிலமே நின்றது.

தொழில் வட்டாரத்தில் சொற்கள்

இதன் விளைவு தொழில் பயில்வோரிடத்துத் தெளிவாகிறது. தொழிற்பயிற்சி நிலைய மாணவர்க்கான நூல்களைச் சென்னை கிண்டியில் உள்ள தேசியப் பயிற்றூடக நிறுவனம் வெளியிடுகிறது. 1986இல் ஜெர்மானிய உதவியுடன் தொடங்கப்பெற்ற இந்நிறுவனம் தமிழிலும் நூல்களைத் தருகிறது. இந்நிலையங்களின் அகில இந்தியத் தேர்வுகள் கணினிவழித் தேர்வுகளாக மாறியுள்ளன. தொழிற்பழகுநர் பதிவு இணையவழியில் நிகழ்கிறது. 2022 மார்ச்சில் தொடங்கப்பெற்ற ‘நான் முதல்வன்’ திட்டத்தின் திறன் பாடங்களிலும் இணையத்தின் பங்கு பெரிது.

‘தொழிற்பழகுநர்’ என்பது அரசு ஆவணச் சொல். ஆலை வாயிலில் வழங்குவது ‘அப்ரண்டிஸ்’. நூலில் ‘கடவுச்சொல்’ என்று கற்றவர் பயிற்றுநர் வாயிலாகப் ‘பாஸ்வேர்டு’ எனக் கேட்கிறார். திரையில் அதனை ஆங்கில எழுத்தில் காண்கிறார். மூன்றும் ஒன்றே என்பதை எவரும் அவருக்குக் கற்பிப்பதில்லை. தமிழ்வழியில் பயின்று, வீட்டில் முதன்முதலாக இணையப் படிவம் நிரப்பும் ஒருவர்க்கு இது சிறு தடையன்று. பதிவின் இறுதிப் படியான ‘சமர்ப்பி’ என்பதைச் செய்யாது விட்டால் முந்தைய உழைப்பு முழுதும் வீணாகும்; அதனால் ஒரு பயிற்சி வாய்ப்பே கைநழுவக் கூடும்.

இதற்குத் தீர்வாகக் கடன்சொற்களை விலக்குதல் இவ்வட்டாரத்திற்குப் பொருந்தாது. வடமாநிலத் தொழிலாளர்களும் கொரிய, ஜப்பானிய நிறுவனங்களும் கலந்த இச்சூழலில் ‘ஷிஃப்ட்’, ‘லைன்’ போன்ற சொற்கள் பொதுமொழியாகப் பயன்படுகின்றன. தொடர் மேம்பாட்டைக் குறிக்கும் ‘கைசன்’ என்னும் ஜப்பானியச் சொல் வாகனத் தொழிலில் மொழிபெயர்க்கப்படாமலே வழங்குகிறது. கற்பித்தலுக்குக் கலப்புமொழி தமிழில் புதிதுமன்று. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமாநுசரின் மாணவர் திருக்குருகைப்பிரான் பிள்ளான், திருவாய்மொழிக்கு இயற்றிய ஆறாயிரப்படி உரையை மணிப்பிரவாள நடையிலேயே அமைத்தார். எனினும் மணிப்பிரவாளம் இருமொழியும் கற்றோர்க்கு உரியது. திரையின் ஆங்கிலத்தை எதிர்கொள்ளும் தொழிற்பழகுநர் அத்தகைய இருமொழிப் பயிற்சி பெற்றவர் அல்லர்.

முடிவுரை

அஞ்சல்வழி முதல் இணையவழி வரையிலான வரலாறு, ஒரு கலைச்சொல் நிலைபெறுவதற்குப் பழகிய சொல்லுறுப்பும் நாள்தோறும் எழுதப்படும் இடமும் இன்றியமையாதவை என்பதைக் காட்டுகிறது. முதலாவது தமிழில் குறைவின்றி உள்ளது. இரண்டாவது செயற்சொற்களுக்குக் கிட்டவில்லை. எனவே, தொழிற்பயிற்சி நூல், பதிவுத்தளம், கணினித் தேர்வு ஆகிய மூன்றிலும் ஒரே தமிழ்ச் சொல் இடம்பெறுதலும், அதனருகே வழக்கிலுள்ள கடன்சொல் தமிழ் எழுத்தில் தரப்படுதலும் தேவையாகின்றன. புதிய சொற்களைப் படைப்பதினும், உள்ள சொற்களைக் கற்போரின் திரையில் ஏற்றுதலே கலைச்சொல்லாக்கத்தின் இன்றைய பணியாகும்.