மாணவர் விசாவும் பி.ஆரும்: காணியை ஈடு வைப்பதற்கு முன்னர்

கடந்த வருடம் ஒரு மாலைப்பொழுதில் கிளிநொச்சியில் சித்தி வீட்டு விறாந்தையில் இருந்து, தம்பியின் கனடா விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்தேன். முகவர் நிலையமொன்று நிரப்பிக் கொடுத்த படிவம் அது. குடும்ப விபரப் பகுதியில் சித்தப்பாவின் பெயருக்கு நேரே 'இறந்துவிட்டார்' என்று போடப்பட்டிருந்தது.

சித்தப்பா 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர். பிறகு யாரும் அவரைக் காணவில்லை. சித்தி இன்றுவரை மரணச் சான்றிதழ் எடுக்கவில்லை. "காணாமல்போனவர் என்று எழுதினால் விசா அதிகாரி தேவையில்லாத கேள்வி கேட்பார், இப்படிப் போட்டால் இலேசு" என்று முகவர் சொல்லியிருக்கிறார்.

"பிள்ளைக்காக நான் இதுக்கு ஓமெண்டு சொல்லவோ?" என்று சித்தி கேட்டார். உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. கனடா குடிவரவுத் திணைக்களத்தின் விதிகளை அடுத்த சில வாரங்கள் இருந்து வாசித்தேன். அதில் அறிந்துகொண்டவற்றை, இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காக இங்கே தருகிறேன்.

ஒரு விசா அல்ல, மூன்று படிகள்

'படிக்கப் போனால் பி.ஆர். கிடைக்கும்' என்று விளம்பரங்கள் சொல்கின்றன. உண்மையில் அது தனித்தனியான மூன்று படிகள். முதலாவது கல்வி அனுமதி. இரண்டாவது படிப்பு முடிந்தபின் கிடைக்கும் வேலை அனுமதி. மூன்றாவது நிரந்தர வதிவிடத்துக்கான விண்ணப்பம். ஒவ்வொன்றுக்கும் தனி விதி, தனி விண்ணப்பம், தனி முடிவு. ஒரு படியில் வென்றவருக்கு அடுத்த படியில் எந்த உத்தரவாதமும் இல்லை.

அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது இரண்டாவது படியைத்தான். வேலை அனுமதி வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும். எட்டு மாதங்களுக்குக் குறைந்த படிப்புக்கு அது இல்லை. இரண்டு வருடங்களுக்குக் குறைந்த டிப்ளோமாவுக்குப் படித்த காலத்தின் அளவே கிடைக்கும். இரண்டு வருடமோ அதற்கு மேலோ என்றால் மூன்று வருடங்கள். முதுமாணிப் பட்டம் என்றால், 2024 பெப்ரவரி முதல், படிப்பு இரண்டு வருடங்களுக்குக் குறைவாக இருந்தாலும் மூன்று வருடங்கள் கிடைக்கலாம்.

2024 நவம்பர் 1 முதல் இன்னொரு கட்டுப்பாடும் வந்தது. அன்றோ அதற்குப் பின்னரோ கல்வி அனுமதிக்கு விண்ணப்பித்து, பட்டம் அல்லாத கல்லூரிப் படிப்புக்குப் போகிறவர்கள், அரசு பட்டியலிட்ட துறைகளில் படித்தால் மட்டுமே வேலை அனுமதி பெறலாம். சுகாதாரம், விஞ்ஞான தொழில்நுட்பம், மின்னிணைப்பு, தச்சு போன்றவை அந்தப் பட்டியலில் உண்டு. வணிக முகாமைத்துவம் இல்லை. மொழிப் பரீட்சைப் பெறுபேறும் காட்ட வேண்டும்.

முகவர் தம்பிக்குத் தெரிவு செய்திருந்தது ஒரு வருட வணிக முகாமைத்துவ டிப்ளோமா. இதை வாசித்த இடத்தில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. படிப்பை நன்றாக முடித்தாலும் அவனுக்கு வேலை அனுமதியே இல்லை. பி.ஆருக்கான பாதை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அந்தப் படிப்புக்காகச் சித்தி வீட்டுக் காணியை ஈடு வைக்கத் தயாராகிவிட்டார்.

பணக் கணக்கு

2025 செப்டெம்பர் 1 முதல், தனியாகப் போகும் மாணவர் ஒருவர் கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் முதல் வருட வாழ்க்கைச் செலவுக்கு 22,895 கனடிய டொலர் காட்ட வேண்டும். 2023 முடிவுவரை இது 10,000 டொலராக இருந்தது. எங்கள் காசில் ஏறக்குறைய 50 இலட்சம் ரூபா. கல்விக் கட்டணமும் விமானச் சீட்டும் இதற்குள் அடங்கா.

'பகுதிநேர வேலை செய்து கடனை அடைக்கலாம்' என்பதும் அடிக்கடி கேட்கும் கதை. தவணைக் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரத்துக்கு 24 மணித்தியாலங்கள் மட்டுமே வேலை செய்ய அனுமதி உண்டு. வன்னியில் பலரிடம் காணி உறுதி இல்லை, அரச அனுமதிப்பத்திரம்தான் இருக்கிறது. அதை வங்கியில் ஈடு வைப்பது கடினம் என்பதால் வட்டிக்குக் கொடுப்பவர்களிடம் போகிறார்கள். அந்த வட்டிக்கு 24 மணித்தியாலச் சம்பளம் ஈடுகொடுக்குமா என்று முதலில் எழுதிப் பார்க்க வேண்டும்.

கடைசிப் படி

'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' முறையில் வயது, கல்வி, மொழி, அனுபவம் ஆகியவற்றுக்குப் புள்ளிகள் தருகிறார்கள். கனடிய அனுபவப் பிரிவில் விண்ணப்பிக்க, திறன்சார் தொழில் ஒன்றில் ஒரு வருட வேலை அனுபவம் வேண்டும். முழுநேர மாணவராக இருந்தபோது செய்த வேலை அதில் சேராது. 30 வயதிலிருந்து வயதுக்கான புள்ளி குறையத் தொடங்கும். 2025இல் இந்தப் பிரிவுக்கான தெரிவுகளில் எல்லைப் புள்ளி 500ஐத் தாண்டியே இருந்தது.

கதவும் ஒடுங்கிவருகிறது. 2025இல் 500,000 பேருக்கு நிரந்தர வதிவிடம் வழங்குவதாக இருந்த இலக்கை, 2024 ஒக்டோபரில் கனடிய அரசு 395,000 ஆகக் குறைத்தது. மாணவர் அனுமதிகளுக்கு 2024 முதல் உச்ச எண்ணிக்கை உண்டு. இன்று படிக்கப் போகிறவர் பி.ஆருக்கு விண்ணப்பிக்க மூன்று, நான்கு வருடங்கள் ஆகலாம். அன்றைக்கு இருக்கும் விதிதான் அவருக்குப் பொருந்தும்.

படிவத்தில் உண்மை

கனடியச் சட்டத்தில், விண்ணப்பத்தில் முக்கியமான விடயத்தைப் பொய்யாகச் சொன்னாலோ மறைத்தாலோ ஐந்து வருடத் தடை வரலாம். நிரப்பியது முகவர் என்றாலும் பொறுப்பு கையெழுத்து வைத்தவருக்கே. 2023இல், போலி அனுமதிக் கடிதங்களோடு போயிருந்த இந்திய மாணவர்கள் பலர் நாடுகடத்தல் ஆபத்தை எதிர்கொண்டார்கள். தாங்கள் முகவரால் ஏமாற்றப்பட்டதாக அவர்கள் சொன்னார்கள்.

காணாமல்போனவரை 'காணாமல்போனவர்' என்றே எழுதி, நடந்ததை விளக்கும் கடிதம் ஒன்றை இணைக்கலாம். காணாமல்போனமைக்கான சான்றிதழை வழங்க 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வழி செய்திருக்கிறது. அதை எடுக்க விரும்பாத குடும்பங்கள் உண்டு, அது அவர்களுடைய முடிவு. முறைப்பாட்டுப் பிரதி இருந்தால் அதையும் இணைக்கலாம்.

விண்ணப்பதாரி ஆயுதக் குழுவிலோ பாதுகாப்புப் படையிலோ இருந்தாரா என்ற கேள்வியும் உண்டு. கனடா 2006இல் விடுதலைப் புலிகளைத் தடை செய்தது. கட்டாய ஆட்சேர்ப்பில் பிடிக்கப்பட்டு, இப்போது முப்பது வயதைத் தாண்டி மேற்படிப்புக்குப் போக நினைப்பவர்கள் இதில் முகவரின் சொல்லைக் கேட்டு 'இல்லை' என்று எழுதக் கூடாது. கனடிய சட்டத்தரணி ஒருவரிடமோ அங்கு பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரிடமோ முதலில் பேச வேண்டும். ஆலோசகர்களின் பெயர்ப் பதிவேடு இணையத்தில் பகிரங்கமாக இருக்கிறது. எங்கள் முகவரின் பெயர் அதில் இல்லை.

தம்பி அந்த விண்ணப்பத்தை அனுப்பவில்லை. இங்கேயே பட்டப்படிப்பை முடித்துவிட்டு, முதுமாணிக்கு முயற்சி செய்யலாம் என்று இருக்கிறான். சிலவேளை அதற்குள் விதிகள் இன்னும் இறுகலாம் என்பதும் அவனுக்குத் தெரியும். முகவருக்குக் கட்டிய முற்பணம் திரும்பி வரவில்லை. காணி மட்டும் தப்பியது.

போன மாதம் போனபோது அந்தப் படிவம் சித்தியின் அலுமாரிக்குள், சித்தப்பாவின் படத்தோடு இருந்தது. 'இறந்துவிட்டார்' என்ற சொல்லைச் சித்தி பேனையால் வெட்டியிருந்தார்.