குடும்பமாகச் சேர்ந்து சரித்திர மர்ம நாவல்: பாதியில் ஒருவர் மறைந்தால் கதை என்ன ஆகும்?

பம்மலில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு ஊர் வரலாறு அத்துப்படி. மகளுக்குத் துப்பறியும் கதைன்னா உயிர். ரெண்டு பேரும் சேர்ந்து பழைய காலத்து மர்ம நாவல் எழுதினால்? கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் யார் எதை எழுதுவது? பாதியில் ஒருவர் இல்லாமல் போனால்? ஏற்கெனவே எழுதியவர்களின் அனுபவத்தைப் பார்க்கலாம்.

அம்மாவும் மகனும்

அமெரிக்காவின் கரோலின் டாட், அவரது மகன் சார்லஸ் இருவரும் ‘சார்லஸ் டாட்’ என்ற ஒரே பெயரில் எழுதினார்கள். முதல் நாவல் 1996-ல் வந்தது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய இன்ஸ்பெக்டர் இயன் ரட்லெட்ஜ்தான் நாயகன். கதை தொடங்குவது 1919-ல். போர்க்களத்தில் அவர் உத்தரவால் சுட்டுக் கொல்லப்பட்ட வீரனின் குரல், அவர் தலைக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும். கரோலின் 2021-ல் காலமானார். அதன் பிறகும் அதே பெயரில் ரட்லெட்ஜ் கதை வெளியானது.

வேலையைப் பிரித்துக்கொண்ட உறவினர்கள்

‘எல்லரி குயின்’ என்ற பெயருக்குப் பின்னால் இருந்தவர்கள் பிரடெரிக் டேனே, மான்ஃப்ரெட் லீ. ஒன்றுவிட்ட சகோதரர்கள். 1929-ல் முதல் நாவல். பொதுவாக டேனே கதைத் திட்டத்தைப் போடுவார், லீ அதை நாவலாக எழுதுவார். 1971-ல் லீ இறந்தார். டேனே 1982 வரை இருந்தும் புதிய எல்லரி குயின் நாவல் வரவில்லை. ஒருவர் கையில் மட்டுமே எழுத்து இருந்தால் இதுதான் சிக்கல்.

தமிழில் நடந்தது

கல்கி 1954 டிசம்பர் 5-ல் மறைந்தபோது ‘அமரதாரா’ முடிந்திருக்கவில்லை. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார். அது சரித்திர நாவல் அல்ல, சமூக நாவல். ஆனாலும் பாடம் ஒன்றுதான்: குறிப்பு இருந்ததால் கதை பிழைத்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

1957-ம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, யார் பங்கு எது என்று பிரிக்க முடியாதபடி சேர்ந்து எழுதினால் அது கூட்டுப் படைப்பு. எழுதியவர்களில் கடைசியாக இறப்பவரைக் கணக்கில் வைத்து, அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். அப்பா-மகள் எழுதிய நாவல் என்றால் பெரும்பாலும் பேரன் பேத்தி காலம் வரை வரும். அதனால் பெயர், பணம், சினிமா உரிமை, தொடரும் உரிமை எல்லாவற்றையும் முதலிலேயே எழுத்தில் போட்டுக்கொள்வது நல்லது. ‘நமக்குள்ள என்ன’ என்று விட்டால், பின்னால் அண்ணன் தம்பிக்குள் சண்டையாகும்.

கதைக்கு எங்கே போவது?

தூரம் போக வேண்டாம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது பக்கத்துப் பல்லாவரத்தில். ஊர்ப் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சுகுண விலாச சபாவைத் தொடங்கியவர். நாடக ஆசிரியர், நடிகர், பிறகு நீதிபதியும்கூட. ‘நாடக மேடை நினைவுகள்’ என்ற அவர் நூலில் அந்தக் காலத்து மேடை உலகம் விரிவாக இருக்கிறது. மேடைக்குப் பின்னால் நடக்கும் ஒரு கொலையை அங்கே வைக்கலாம்.

அப்பா தகவல் தேடட்டும், மகள் முடிச்சுப் போடட்டும். ஆனால் கொலையாளி யார் என்பதை மட்டும் ரெண்டு பேரின் நோட்டிலும் எழுதி வைக்கணும்.