512 பைட்டில் ஒரு வணக்கம்

2009-ல் நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். லஸ் முனையில் ஒரு பழைய புத்தகக் கடையில், ஆண்ட்ரூ டானன்பாமின் ஆபரேட்டிங் சிஸ்டம் புத்தகம் கிடைத்தது. இந்திய மலிவுப் பதிப்பு, முதுகு கிழிந்தது. பேரம் பேசி வாங்கிவந்து அப்பாவிடம் காட்டினேன்.

"சிலபஸ்ல இருக்கா?"

"இல்லப்பா."

"அப்புறம் எதுக்கு?"

அந்த "எதுக்கு"வுக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பதினைந்து வருஷம் கழித்து இப்போது ஒரு பாதிப் பதில் இருக்கிறது. அதை எழுதிப் பார்க்கிறேன்.

*

சொந்தமாக ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சம்பளம் கிடையாது, வாடிக்கையாளர் கிடையாது. மாசக்கணக்கில் உட்கார்ந்து எழுதி, கடைசியில் திரையில் ஒரு வரி வந்ததும் நாலு பேரிடம் காட்டுவார்கள். மென்யூட் என்று ஒன்று உண்டு. முழுக்க அசெம்பிளியில் எழுதப்பட்டது, ஒரே ஃப்ளாப்பிக்குள் அடங்கும். அமெரிக்காவில் டெர்ரி டேவிஸ் பல வருஷம் தனியாளாக உழைத்து டெம்பிள் ஓஎஸ் எழுதினார். 640க்கு 480 புள்ளி, 16 நிறம், அதற்கென்று தானே உருவாக்கிய நிரல்மொழி. மனநோயோடு வாழ்ந்த அவர் 2018-ல் இறந்தார். அதே 2018-ல் ஸ்வீடனில் ஆண்ட்ரியாஸ் க்ளிங், போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு வந்த நாட்களின் வெறுமையை நிரப்ப செரினிட்டி ஓஎஸ்ஸைத் தொடங்கினார். ஆக, இது வெறும் மேதாவித்தனமும் இல்லை, வெறும் கிறுக்குத்தனமும் இல்லை.

இந்த வரலாற்றை நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம்: மூலமும் உரையும்.

1970களின் நடுவில், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர், யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மூலநிரலைத் தன் மாணவர்களுக்காக அச்சடித்து, அதற்கு உரையும் எழுதினார். பத்தாயிரம் வரிக்கும் குறைவான நிரல். நம் உரையாசிரியர்கள் செய்தது போலவே, இந்த வரி ஏன் இப்படி, இங்கே என்ன மறைந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போகிற உரை. அடுத்த பதிப்பின் உரிமத்தில், மூலநிரலை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது என்று ஏடி அண்ட் டி நிறுவனம் தடை போட்டது. புத்தகம் தலைமறைவானது. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, எழுத்து மங்கி மங்கி, மாணவர்கள் கைமாற்றிப் படித்தார்கள். முறையாக அது அச்சானது 1996-ல்தான்.

அந்தத் தடையால் பாடம் நடத்த முடியாமல் போன டானன்பாம், 1987-ல் மினிக்ஸைத் தானே எழுதினார். மூலம் சேர்ந்த புத்தகமாகவே அது வந்தது. அதைப் படித்த ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 ஆகஸ்ட் 25 அன்று மினிக்ஸ் ஆட்களிடம், தான் ஒன்று செய்துகொண்டிருப்பதாகவும் அது வெறும் பொழுதுபோக்குதான், பெரிதாக வராது என்றும் சொன்னார். அதுதான் லினக்ஸ்.

*

சென்னையில் இதற்கு ஒரு இடம் இருந்தது. இந்திய லினக்ஸ் பயனர் குழுவின் சென்னைக் கிளை 1998 ஜனவரியிலிருந்து இயங்கிவருகிறது. நான் போன காலத்தில், மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஐஐடி மெட்ராஸில், கஜேந்திரா சர்க்கிள் பக்கத்தில் ஏரோஸ்பேஸ் துறையின் வகுப்பறையில் கூட்டம். மயிலாப்பூரிலிருந்து 5பி பிடித்தால் அடையாறு வழியாகக் கொண்டுபோய் இறக்கிவிடும், தூங்கிவிட்டால் தி.நகர். யார் வேண்டுமானாலும் வரலாம். ஃபீஸ் கிடையாது, அடையாள அட்டை கேட்க மாட்டார்கள்.

அங்கே காட்டுவதற்காகத்தான் என் கர்னலை எழுதினேன். கர்னல் என்பது பெரிய வார்த்தை. கணினியை ஆன் செய்ததும் பயாஸ், ஃப்ளாப்பியின் முதல் 512 பைட்டைப் படித்து நினைவகத்தில் 7சி00 என்ற இடத்தில் வைக்கும். கடைசி இரண்டு பைட் 55, ஏஏ என்று இருந்தால், கட்டுப்பாட்டை அந்த நிரலிடம் ஒப்படைத்துவிடும். அதற்கப்புறம் இயந்திரம் உங்களுடையது. உதவிக்கு ஆள் கிடையாது. மிச்சம் 510 பைட்.

எல்லோரும் முதலில் "ஹலோ வேர்ல்டு" என்று எழுதுவார்கள். எனக்கு "வணக்கம்" வர வேண்டும்.

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். விஜிஏ எழுத்துத் திரையில் வழக்கமாக 256 எழுத்துருக்களுக்குத்தான் இடம். ஒவ்வொன்றும் எட்டுப் புள்ளி அகலம், பதினாறு புள்ளி உயரம். தமிழில் எழுத்து 247, அதனால் அடங்கிவிடும் என்று நினைத்தேன். ஆங்கிலத்துக்கும் இடம் வேண்டுமே! யூனிகோடில் தமிழ் 1991-லேயே வந்துவிட்டது. ஆனால் அதில் கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து வரையத் தனியாக ஒரு நிரல் வேண்டும். அது 510 பைட்டில் நடக்காது.

வழி ஏற்கெனவே இருந்தது. 90களின் இறுதியில், பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் சண்டை போட்டுச் சண்டை போட்டு டிஸ்கி என்ற குறியாக்கத்தை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டிலிருந்து டேப், டேம் குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. டிஸ்கியும் டேபும் கீழ்ப்பாதியை ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டு, மேல்பாதி 128 இடங்களில் தமிழ் வரிவடிவங்களை நிரப்பின. கொம்பு ஒரு துண்டு, கால் ஒரு துண்டு. அச்சுக்கோப்பவர் அச்சு அடுக்குகிற மாதிரி. காலாவதியானது என்று எல்லோரும் ஒதுக்கிவிட்ட அந்த முறை, ஒன்றுமே இல்லாத என் இயந்திரத்துக்குப் பொருத்தமாக இருந்தது.

கிராஃப் தாள் வாங்கினேன். வ, ண, க், க, ம். ஐந்து வடிவம். "ண" எட்டுப் புள்ளிக்குள் நுழையாது, அதனால் ஒரு எழுத்துக்கு இரண்டு கட்டம். பத்துக் கட்டம், கட்டத்துக்குப் பதினாறு பைட், மொத்தம் 160. நிரலுக்கு 350 மிச்சம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய பழைய பென்டியத்தில் ஃப்ளாப்பியைப் போட்டேன். எழுத்து வந்தது. ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் நட்டநடுவில் ஒரு விரிசல்.

காரணம் புரிய மூன்று வாரம் ஆனது. திரை, கட்டங்களுக்கு நடுவே ஒன்பதாவதாக ஒரு காலிப் புள்ளியைச் செருகுகிறது. சி0 முதல் டிஎஃப் வரையிலான 32 இடங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. பெட்டி வரைகிற கோடுகள் அறுந்துபோகாமலிருக்க, அங்கே எட்டாவது புள்ளியையே ஒன்பதாவதிலும் திருப்பிப் போடும். எழுத்துகளின் இடது பாதிகளைக் கொண்டுபோய் அங்கே வைத்தேன். விரிசல் மூடியது.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இதுக்கா ஆறு மாசம்?" என்றார். பிறகு, "ண நல்லா வந்திருக்கு" என்றார்.

அடுத்த இரண்டாம் சனிக்கிழமை, கூட்டம் முடிந்து வெளியே மரத்தடியில் நண்பனின் லேப்டாப்பில், ஒரு எமுலேட்டரில் அதை ஓட்டினேன். நாலைந்து பேர் நின்றார்கள்.

"இதுல என்ன ஓடும்?" என்றார் ஒருவர்.

"ஒண்ணும் ஓடாதுண்ணா. வணக்கம் சொல்லும்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "கீபோர்ட் எடுக்குதா?" என்று கேட்டார். எடுக்கவில்லை. அடுத்த மாசத்துக்கு வேலை கிடைத்துவிட்டது.

*

இதெல்லாம் நாட்டுக்கு என்ன செய்தது என்று கேட்கலாம். சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-ல் வெளியானது. 2023 ஜனவரியில் ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் வளர்ந்த ஒரு நிறுவனம் பார் ஓஎஸ்ஸை அறிமுகப்படுத்தியது; அதற்கு அடிப்படை ஆண்ட்ராய்டின் திறந்த மூலம். இரண்டு முறையும் ஒரே சண்டை: "இது நம்முடையதா, பெயர் மாற்றி ஒட்டியதா?"

எனக்கு இந்தச் சண்டையில் ஒரு பக்கம் மட்டும் நிற்க முடியவில்லை. அடுத்தவர் போட்ட அஸ்திவாரத்தில் கட்டுவது கேவலம் இல்லை. அப்படிப் பார்த்தால் லினக்ஸுக்குப் பின்னால் யுனிக்ஸ் இருக்கிறது. என்னுடையதோ சுத்தமான சொந்தச் சரக்கு, அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் ஒன்று சொல்வேன். அஸ்திவாரத்தைத் திறந்து பார்த்தவன் ஊரில் இருக்கிறானா என்பதுதான் கேள்வி. இருந்தால், யாருடைய மூலமாக இருந்தாலும் அது கொஞ்சம் நம்முடையதாகிவிடும். இல்லையென்றால் ஸ்டிக்கர்தான். 2018-ல் ஐஐடி மெட்ராஸின் சக்தி சில்லில் லினக்ஸ் பூட் ஆனது. புதுச் சில்லில் ஒன்றும் ஓடாத அந்த முதல் நாளில், இருட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் இல்லாமல் அது நடக்காது.

லயன்ஸின் மரபும் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அந்த ஆறாம் பதிப்பையே எம்ஐடி 2006-ல் எக்ஸ்வி6 என்று திருப்பி எழுதியது. கூடவே ஒரு உரையும். ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் செஸ்டர் ரெபைரோவின் என்பிடெல் பாடம் அதை வைத்துத்தான் நடக்கிறது. இன்று யாரும் நடைபாதையில் கிழிந்த புத்தகம் தேட வேண்டாம்.

போன மாசம் வீடு மாற்றும்போது அந்த ஃப்ளாப்பி கிடைத்தது. யுஎஸ்பி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். படிக்கவில்லை. 512 பைட்டும் போயிற்று. புத்தகத்துக்குள் மடித்து வைத்த கிராஃப் தாள் மட்டும் இருக்கிறது. கட்டம் கட்டமாகப் பென்சிலில் கறுப்படித்த ஐந்து எழுத்து. அதை வைத்து இன்று ராத்திரி உட்கார்ந்தால், திரும்ப எழுதிவிடலாம். இந்த முறை கீபோர்டும் எடுக்கும்.