கப்பலும் குடும்பமும்

கப்பலோட்டிய தமிழன் என்ற பெயரைக் கேளாத வாலிபர் எம்மிடையே அரியர். ஆயினும் வ. உ. சிதம்பரம்பிள்ளையவர்களை நினைக்குந்தோறும் எமது மனக்கண்முன் வருவன கடலும் கப்பலும், சிறையும் செக்குமேயன்றி அவரது வீட்டு வாசலன்று. கணவராய், தந்தையாராய், தமையனாராய், கடை வைத்துப் பிழைத்தவராய் அவர் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அந்தப் பக்கத்தையே இங்கு நாம் சிறிது நோக்க விரும்புகின்றோம்.

1872 ஆம் ஆண்டு செப்டம்பர் 5 ஆம் திகதி ஒட்டப்பிடாரத்தில் உலகநாதபிள்ளைக்கும் பரமாயி அம்மைக்கும் மூத்த புதல்வராக அவர் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், மைந்தரும் அத்தொழிலையே மேற்கொண்டார். முதல் மனைவியார் வள்ளியம்மை. சாதியைக் காட்டி ஊரார் ஒதுக்கிய இராமையா தேசிகர் என்னும் கண்பார்வையற்ற துறவியை அவர்கள் தம் வீட்டில் வைத்து ஆதரித்தனர். ஊரார் முணுமுணுத்தனர். வள்ளியம்மையோ அத்துறவிக்கு அன்னமிடுவதைக் கைவிட்டாரில்லை. அவ்வம்மையார் இளவயதிலேயே காலமாக, 1901 இல் மீனாட்சி அம்மையாரை அவர் மணந்தார். பின்னாளில் நேர்ந்த துன்பங்களையெல்லாம் பங்குபோட்டுக்கொண்டவர் இந்த அம்மையாரே.

தூத்துக்குடிக்கும் எமது கொழும்புக்கும் இடையேயுள்ள கடற்பாதை அக்காலத்தில் பிரிட்டிஷ் இந்தியா கம்பனியாரின் ஏகபோகமாயிருந்தது. அதற்கு எதிராக 1906 ஒக்டோபர் 16 இல் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாயிற்று. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கொன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்பவர் 8,000 பங்குகளை வாங்கி 2 இலட்சம் ரூபாய் கொடுத்தார். முதலில் வாடகைக்குக் கப்பல் கொடுத்தவர்கள் எதிர்க் கம்பனியாரின் நெருக்குதலுக்கு அஞ்சிப் பின்வாங்கியபோது, கொழும்பிலிருந்தே ஒரு கப்பல் வாடகைக்கு எடுக்கப்பட்டது. இவ்வரலாற்றில் எமது துறைமுகத்துக்கும் ஒரு சிறு பங்குண்டு என்பதில் எமக்கு மகிழ்ச்சியே.

வாடகைக் கப்பலை நம்பிப் பயனில்லை எனக் கண்ட பிள்ளையவர்கள், சொந்தக் கப்பல் தேடிப் பம்பாய்க்குப் புறப்பட்டார். கப்பலோடு வருவேன், இல்லையேல் கடலில் விழுந்து மாய்வேன் என்பது அவர் செய்த சபதம். அவ்வேளையில் மூத்த மகன் உலகநாதன் கடும் நோயில் கிடந்தான். மனைவியாரோ நிறைமாதக் கர்ப்பிணி. ஊர் திரும்பும்படி நண்பர்கள் வேண்டினர். அவர்களை இறைவன் காப்பான் என்று சொல்லி அவர் இருந்துவிட்டார். மேடைகளில் இச்செய்தியைச் சொல்வோர் கரகோஷம் பெறுவதை நாம் கண்டிருக்கின்றோம். எமக்கோ அவ்வளவு விரைவாகக் கைதட்ட மனம் வரவில்லை. நோயுற்ற பிள்ளையின் பாயருகே, பேறுகாலத்தை எதிர்நோக்கி இருந்த அத்தாயின் இரவுகளை யார் எழுதி வைத்தார்? கப்பல் என்னவோ வந்தது. 1907 இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடியை அடைந்தன. எதிரிகள் கட்டணத்தைக் குறைத்தனர். முடிவில் இலவசமாகவே ஏற்றிச் செல்லவும், ஏறினவர்க்குக் குடை கொடுக்கவும் முன்வந்தனர்.

1908 மார்ச் 12 இல் பிள்ளையவர்கள் கைதானார். ஜூலை 7 இல் நீதிபதி பின்ஹே விதித்த தண்டனை இரண்டு இருபதாண்டுகள். இராஜத்துரோகப் பேச்சுக்காக ஒன்று. சுப்பிரமணிய சிவாவுக்கு உணவும் உறைவிடமும் அளித்து உடந்தையாயிருந்தமைக்காக மற்றொன்று. தேசிகருக்கு அன்னமிட்ட குடும்பத்திலே, விருந்தோம்பலும் குற்றமாயிற்று! தீர்ப்பைக் கேட்ட இளைய சகோதரர் மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். அக்கலக்கம் பின்னர் தெளியவேயில்லை. மேன்முறையீட்டில் தண்டனை 6 ஆண்டாகக் குறைந்தது. கோயமுத்தூரிலும் கண்ணனூரிலும் அவர் சிறையிலிருக்க, 1911 இல் சங்கம் கலைக்கப்பட்டது. 1912 டிசம்பர் 24 இல் அவர் வெளியே வந்தபோது வாயிலில் பெருங்கூட்டம் எதுவும் காத்திருக்கவில்லை.

வழக்கறிஞர் உரிமையும் பறிபோயிற்று. சொந்தச் சீமையில் குடியிருக்கவும் வழியில்லை. மனைவி மக்களோடு சென்னைக்கு வந்த அவர், அங்கே மளிகைக் கடையும் மண்ணெண்ணெய்க் கடையும் வைத்துச் சீவித்தார். 10 இலட்சம் மூலதனத்தில் கப்பல் நடத்தியவர் காற்படி, அரைப்படி அளந்து விற்றார். பிழைப்புக்காகச் செய்த அத்தொழிலில் இழிவேதும் இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை. அவருக்காகத் தென்னாபிரிக்கத் தமிழர் சேர்த்த பணம் காந்தியடிகள் மூலம் வரவேண்டியிருந்தது. 1915 இல் அதனைக் குறித்துக் கடிதங்கள் போயின, வந்தன. ஏறக்குறைய ஓராண்டின் பின், 1916 இன் தொடக்கத்திலேயே 347 ரூபாய் 12 அணா கைக்கு வந்தது. தமது அன்றைய நிலையில் அதனை மறுக்க இயலாது என்பதை அவர் மறைக்கவில்லை. அள்ளிக் கொடுத்துப் பழகிய கை கேட்டு வாங்க நேர்ந்தது, பிள்ளைகளின் பசி கருதியே.

பின்னர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் வழக்கறிஞர் உரிமை மீண்டது, கோவிற்பட்டியில் வழக்காடலானார். அந்நன்றியை மறவாமல் கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்துச் செக்கிழுத்தவர் ஆங்கிலேயர் ஒருவரின் பெயரைத் தம் வீட்டுக்குள் நாடோறும் அழைக்கும்படி வைத்துக்கொண்டார்! அவர் மனத்தின் விசாலத்தை அறிய எமக்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. தொல்காப்பிய இளம்பூரணப் பதிப்பும், திருக்குறள், சிவஞானபோத உரைகளும் கடனும் கவலையும் சூழ்ந்த இந்த வீட்டிலிருந்து வந்தவையே.

1936 நவம்பர் 18 இல் தூத்துக்குடியில் அவர் உயிர் நீத்தார். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011 இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. இறுதிக் காலத்தில் அவர் எழுதி வைத்த மரண சாசனம் ஒன்றுண்டு. அதிலே கப்பலைப் பற்றிய பெருமைப் பேச்சு இல்லை. துணிக்கடைக்குத் தரவேண்டிய பாக்கி, எண்ணெய்க் கடைக்குத் தரவேண்டிய பாக்கி, சில்லறைக் கடன்கள் என்று ஒவ்வொன்றையும், இன்னாருக்கு இவ்வளவு என, தமது குடும்பத்தார் தீர்க்கும்பொருட்டுக் கணக்கெழுதி வைத்திருந்தார்.