அந்தமானில் தடுப்பூசி யாருக்கு?

1863ஆம் ஆண்டு போர்ட் பிளேரின் ராஸ் தீவில் ‘அந்தமான் இல்லம்’ என்ற பெயரில் ஒரு குடியிருப்பைப் பிரித்தானிய அரசு ஏற்படுத்தியது. பாதிரியார் ஹென்றி கார்பின் அதற்குப் பொறுப்பாக இருந்தார். 1858இல் கைதிகள் குடியேற்றம் தொடங்கி ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. காட்டிலும் கடற்கரையிலும் வேட்டையாடி வாழ்ந்த பெரிய அந்தமானியரை அழைத்து வந்து, உணவும் உடையும் தந்து, ஆட்சியாளர்களோடு பழகச் செய்வது அதன் நோக்கம். காகிதத்தில் படித்தால் அறச்செயல் போலவே தோன்றும்.

அந்த இல்லம் உண்மையில் திறந்துவிட்டது ஒரு பாதையை. கப்பலிலிருந்து கைதிகளுக்கு, கைதிகளிடமிருந்து இல்லத்திற்கு, இல்லத்திலிருந்து காட்டிற்கு எனத் தொற்று நடந்துசென்ற பாதை அது. 1868இல் நிமோனியா, 1876இல் மேகநோய், 1877இல் தட்டம்மை, 1892இல் இன்ஃபுளுயன்சா என்று நோய்கள் அடுத்தடுத்து அதன் வழியே போயின. இவற்றுள் தட்டம்மையே பேரழிவாக அமைந்தது. நோய்ப்பட்டவர்கள் தங்கள் சொந்தக் கடற்கரைகளுக்குத் திரும்பியபோது நோயும் உடன் சென்றது. பெரிய அந்தமானியரில் பாதிப்பேராவது, ஒருவேளை மூன்றில் இரண்டு பங்கினர், அதன் விளைவாக இறந்தனர் என்று 1899இல் எழுதினார் எம்.வி. போர்ட்மன். அவர் அந்தமானியர்களுக்குப் பொறுப்பான அதிகாரியாகப் பணியாற்றியவர். ஆகவே இது எதிரணியின் குற்றச்சாட்டு அன்று, ஆட்சியின் வாக்குமூலம்.

தட்டம்மை ஓரிடத்தில் அறாமல் நிலைத்திருக்கச் சில லட்சம் மக்களாவது அங்கே வேண்டும். புதிதாகப் பிறக்கும் குழந்தைகளே அதன் எரிபொருள். 1901 கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மொத்த மக்கள்தொகையே இருபத்தைந்தாயிரத்தை எட்டவில்லை. அத்தகைய தீவில் தட்டம்மை தானாக வாழ முடியாது. ஒவ்வொரு முறையும் கப்பலில்தான் வந்தாக வேண்டும். அதனால்தான் தொல்குடிகளில் எவருக்கும் முன்அனுபவ எதிர்ப்பாற்றல் இல்லை. குழந்தைகள் மட்டும் படுத்து எழும் நோய், அங்கே முதியவர், வேட்டைக்காரர், தாய் எல்லோரையும் ஒரே வாரத்தில் சாய்த்தது. தண்ணீர் மொண்டு தரவும் கையில்லாமற் போகும்போது, பிழைக்கக்கூடியவர்களும் இறக்கிறார்கள். இதை ‘பழங்குடிகளின் பலவீனம்’ என்று எழுதுவது பழைய நூல்களின் வழக்கம். பலவீனம் உடலில் இல்லை.

1892இன் இன்ஃபுளுயன்சாவும் தனித்த நிகழ்ச்சி அன்று. 1889இல் ருஷ்யாவிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றிய பெருந்தொற்றின் காலம் அது. பெரிய அந்தமானியர் 1901இல் 625 பேர், 1911இல் 455, 1921இல் 207, 1931இல் 90. 1961இல் எஞ்சியவர்கள் 19 பேர்.

இந்த எண்களுக்குள் மொழிகளும் இருக்கின்றன. பெரிய அந்தமானியம் என்பது பத்துக் குழுக்கள் பேசிய ஒரு மொழிக்குடும்பம். மனித உடலின் பகுதிகளைப் பிரித்து, அப்பிரிவுகளுக்குரிய முன்னொட்டுகளைப் பெயர், வினை, அடை என எல்லாச் சொற்களோடும் இணைக்கும் இலக்கணம் அவற்றுடையது. அன்விதா அப்பி அதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். உடலையே இலக்கணத்தின் அச்சாகக் கொண்ட மொழிகள், உடலைத் தாக்கிய நோய்களால் பேசுநரை இழந்தன. போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா மூதாட்டி 2010 ஜனவரியில் மறைந்தார்.

1880இல் போர்ட்மன் குழு வடக்கு சென்டினல் தீவிலிருந்து ஒரு முதிய தம்பதியையும் சில சிறுவர்களையும் பிடித்து போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தது. விரைவில் எல்லோரும் நோயுற்றனர்; முதியவர் இருவரும் இறந்தனர். சிறுவர்களைப் பரிசுப் பொருள்களோடு தீவில் இறக்கிவிட்டார்கள். அந்தத் தீவினர் இன்றும் அந்நியர் மீது அம்பெய்வதற்குக் காரணம் தேடுவோர் இந்த ஒரு பயணத்தையாவது நினைவில் கொள்ளலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தட்டம்மைக்கோ ஃப்ளூவுக்கோ தடுப்பூசி கிடையாது. இருந்த ஒரே காப்பு தொலைவு. இல்லங்கள் அதைத்தான் கலைத்தன. ஆனால் 1999இன் நிலை வேறு. தட்டம்மைத் தடுப்பூசி அப்போது முப்பத்தாறு வயதான பழைய மருந்து. ஜாரவாக்கள் 1997இன் இறுதியில்தான் ஆயுதமின்றிக் காட்டுக்கு வெளியே வரத் தொடங்கியிருந்தனர். இரண்டே ஆண்டுகளில் அவர்களிடையே தட்டம்மை பரவியது. நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர். 2001 கணக்கெடுப்பில் அவர்களின் மொத்தத் தொகை 240. நோயுற்றோருக்குக் கடம்தலா மருத்துவமனை சிகிச்சை அளித்தது. 2006இல் தட்டம்மை மீண்டும் வந்தது. காட்டுக்குள் தானாகப் பிறக்க முடியாத நோய், அந்தமான் பெருஞ்சாலையின் ஓரங்களிலிருந்தே உள்ளே போயிருக்க வேண்டும்.

2020 மார்ச்சில் போர்ட் பிளேரில் இருந்த பெரிய அந்தமானியரை நிர்வாகம் ஸ்ட்ரெய்ட் தீவுக்கு அனுப்பியது. பழைய காப்பான தொலைவையே மீண்டும் நாடிய முடிவு அது, சரியான முடிவும்கூட. ஆனாலும் அரசு வேலைக்கும் ஊதியத்திற்கும் நகரத்திற்கு வந்துபோக வேண்டியிருக்கிறது. ஆகஸ்டில் அறுபது பேருக்கும் குறைவான அச்சமூகத்தில் பத்துப் பேருக்குக் கொரோனா உறுதியானது. பத்துப் பேரும் தேறினர்.

இன்ஃபுளுயன்சாவின் சிக்கல் இவற்றைவிடக் கடினமானது. தட்டம்மைக்கு இரண்டு தவணைகள் போட்டால் அநேகமாக ஆயுள் முழுதும் போதும். ஃப்ளூ வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஊசியின் கலவையை உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை மறுபரிசீலனை செய்கிறது. ஊசியையும் ஆண்டுதோறும் போட வேண்டும். ஒதுங்கி வாழும் ஒரு குடிக்கு ஆண்டுதோறும் ஊசி என்றால், ஆண்டுதோறும் ஒரு மருத்துவக் குழு உள்ளே நுழைய வேண்டும். அந்த நுழைவே தொற்றாகிவிடலாம். சென்டினல் தீவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

எனவே ஊசி போட வேண்டிய கைகள் காட்டுக்கு வெளியே உள்ளன. காவலர்கள், வனத்துறையினர், செவிலியர், மீனவர், ஓட்டுநர், கடைக்காரர் என்று ஓர் அரணாக நிற்க வேண்டியவர்கள் அவர்கள். அத்தீவுகளில் வங்காளத்திற்கும் இந்திக்கும் அடுத்து மிகுதியாகப் பேசப்படும் மொழி தமிழ் என்பதால் அவர்களில் கணிசமானோர் தமிழர்களாகவும் இருப்பார்கள். போர்ட் பிளேரின் அரசு மருத்துவமனையில் ஒரு தமிழ்த் தாய் தன் குழந்தைக்குத் தவறாமல் போடும் தட்டம்மை ஊசி, அவள் பார்த்தேயிராத ஜாரவாக் குழந்தைக்கும் சேர்த்தே போடப்படுகிறது. அந்த ஊசி தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது; இலவசமாகக் கிடைக்கிறது. இன்ஃபுளுயன்சா ஊசி அந்தத் திட்டத்தில் இல்லை. ஜாரவாக் காப்பகத்தைக் கடந்துசெல்ல ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வாகன வரிசையில் காத்திருக்கும் ஓட்டுநர், அதைத் தன் காசில்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.