குடிசைப் பகுதி வெளியேற்ற வழக்குகள் (கோட்டூர்புரம்)

அடையாற்றங்கரையிலுள்ள கோட்டூர்புரத்தில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளும் ஆற்றோர வீடுகளும் உண்டு. இத்தகைய இடங்களில் வாழும் குடும்பங்களுக்கான சட்டக் காப்பு, 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றுதல்) சட்டம். அரசு அறிவித்த குடிசைப் பகுதியில், குடியிருப்போரை வெளியேற்ற உரிய அதிகாரியின் அனுமதியின்றி வழக்குத் தொடர முடியாது என்கிறது அதன் 29ஆம் பிரிவு. 1985க்குப் பின் பல பத்தாண்டுகள் சென்னையில் புதிய பகுதிகள் அறிவிக்கப்படவில்லை; பெருங்குறை இதுவே. அறிவிப்பில்லாத தெருவுக்கு அந்தக் காப்பு எட்டாது.

அதே 1985இல், கே. சந்துரு எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், அரசின் மாற்றுக் குடியிருப்புத் திட்டங்களைக் குறிப்பிட்ட உச்ச நீதிமன்றம், குடிசைவாழ் மக்கள்மீது அரசு காட்டும் அக்கறை தொடரும் என நம்பிக்கை தெரிவித்தது. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றோரக் குடும்பங்கள் பல பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. வீடு கிடைத்தது; ஆனால் அடையாறு, மயிலாப்பூர் வீடுகளில் காலையில் பாத்திரம் தேய்த்த பெண்களுக்கு வேலை தூரமாகிப் போனது.