யார், எப்போது பேசுவது? ஹவாய் முதல் தேனி வரை கம்பியில்லா வலையமைப்பின் வரலாறு

கம்பியில்லா வலையமைப்புகளைத் தொலைவை வைத்து வகைப்படுத்துவதே பாடநூல் வழக்கம்: கைக்கெட்டும் தூரத்தில் புளூடூத், வீட்டுக்குள் வைஃபை, ஊரளவில் செல்பேசி. கடையில் கருவி வாங்க இந்தப் பிரிப்பு போதும். அவை வளர்ந்த வரலாற்றை அது விளக்காது. ஒரே அலைவரிசையைப் பல கருவிகள் பகிர்ந்துகொள்ளும்போது யார், எப்போது பேசுவது? இந்தக் கேள்விக்குக் கிடைத்த வெவ்வேறு விடைகளே இத்தொழில்நுட்பங்களைப் பிரிக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதல் விடை ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் 1971 ஜூனில் இயக்கிய அலோஹாநெட்டில் முன்னனுமதி என்று எதுவும் இல்லை. அனுப்பத் தகவல் இருந்தால் முனையம் உடனே அனுப்பிவிடும். இரண்டு பொதிகள் மோதிச் சிதைந்தால் ஏற்புச் செய்தி வராது. சற்று நேரம் கழித்து மறுபடி அனுப்பும். அந்தக் காத்திருப்பு ஒவ்வொரு முனையத்துக்கும் தற்செயலாக மாறுவதால் மீண்டும் மோதுவது குறையும். எளிமைக்குக் கொடுத்த விலை பெரிது: அலைவரிசையின் கொள்திறனில் அதிகபட்சம் 18.4 விழுக்காடுதான் பயன்படும். அனுப்பும் நேரத்தைச் சம கூறுகளாக வரையறுத்தால் இந்த அளவு இரட்டிப்பாகும் என்று 1972இல் லாரன்ஸ் ராபர்ட்ஸ் காட்டினார்.

அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 1985இல் சில அலைவரிசைகளை உரிமமில்லாப் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. அதன் பயனாக உருவான வைஃபையின் முதல் தரநிலை 1997இல், விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்துடன் வந்தது. அதன் விதி, கேட்டுவிட்டுப் பேசு என்பது. அலைவரிசை அமைதியாக இருந்தால் மட்டும் அனுப்ப வேண்டும். கருவிகள் ஒன்றையொன்று கேட்கும் தொலைவில் இருக்கும்வரை இது நன்றாகவே நடக்கும்.

1990களில் சென்னையில் வேறொரு விடை உருவாகிக்கொண்டிருந்தது. தொலைபேசி இணைப்புக்கு ஆகும் செலவைக் குறைத்தால்தான் கிராமங்களுக்கு அது போய்ச்சேரும் என்று வாதிட்டவர் ஐஐடி மெட்ராஸின் அசோக் ஜுன்ஜுன்வாலா. அவர் முன்னின்ற டெனெட் குழுவும் மைடாஸ் நிறுவனமும் உருவாக்கிய கார்டெக்ட், ஐரோப்பிய டெக்ட் தரநிலையைப் பின்பற்றியது. 10 மில்லிவிநாடிக்கு 24 நேரக்கூறுகள்: 12 போக, 12 வர. ஒவ்வோர் அழைப்புக்கும் தனிக்கூறு ஒதுக்கப்பட்டதால் மோதலுக்கு இடமில்லை. இடையில் மறைப்பு இல்லாவிட்டால் 10 கிலோமீட்டர்வரை எட்டும். அலையைப் பெற்று மறுபடி அனுப்பும் இடைநிலையம் ஒன்றை வைத்தால் 25 கிலோமீட்டர்வரை போகும். தொலைபேசியில் பேசிக்கொண்டே விநாடிக்கு 35 கிலோபிட், பேசாதபோது 70 கிலோபிட் இணையம் கிடைத்தது.

மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் 2001 முதல் இந்த இணைப்பில் கிராம இணைய மையங்கள் திறக்கப்பட்டன. அரசுச் சான்றிதழ்களுக்கு விண்ணப்பித்தார்கள். நோயாளியின் கண்ணைப் படமெடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஆண்டுகள் செல்லச்செல்லப் பல மையங்கள் மூடப்பட்டன. பழியை வானொலி அலைமீது போட முடியாது. ஆதரவு தந்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனால் அரசுச் சேவை நின்றது. நடத்துபவருக்கு வருமானமும் போதவில்லை. நேரடிக் காணொளி ஆலோசனைக்கு மட்டும் 35 கிலோபிட் உண்மையிலேயே பற்றாக்குறைதான்.

அந்தக் குறையைத் தீர்க்கும் முயற்சி சில ஆண்டுகளில் தேனியில் நடந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையிலான குழு, அரவிந்த் மருத்துவமனையைக் கிராமக் கண் மையங்களோடு மலிவான வைஃபை அட்டைகளாலும் கோபுரத்தில் கட்டிய திசை ஆன்டெனாக்களாலும் இணைத்தது. 2005 ஜனவரியில் இந்திய அரசு வைஃபை இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமத் தேவையிலிருந்து விடுவித்திருந்தது.

வேகம் இருந்தது, விதி இடித்தது. அலை ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3.3 மைக்ரோவிநாடி ஆகும். வைஃபையின் அன்றைய காத்திருப்புக் கூறு 20 மைக்ரோவிநாடி. ஆறு கிலோமீட்டரைத் தாண்டினால், எதிர்முனை பேசத் தொடங்கியது இந்த முனைக்குத் தெரிவதற்குள் அந்தக் கூறு முடிந்துவிடும். அலைவரிசை அமைதியாக இருப்பதாக நம்பி இதுவும் அனுப்ப, இரண்டும் மோதும். போதாததற்கு, ஒவ்வொரு பொதிக்கும் ஏற்புச் செய்தி வரும்வரை காத்திருப்பு வேறு. ஒரே கோபுரத்தில் ஓர் ஆன்டெனா அனுப்பும்போது பக்கத்து ஆன்டெனா பெற முடியாமல் திணறும். குழுவினர் அட்டையை மாற்றவில்லை. மென்பொருளில் கேட்கும் விதியை நீக்கி, இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படி நேரப் பங்கீட்டைப் புகுத்தினார்கள். ஏற்புச் செய்திகளை மொத்தமாக அனுப்பச் செய்தார்கள். 2007இல் வைல்டுநெட் என்ற பெயரில் வெளியான ஆய்வுக் கட்டுரை, தகவல் செல்லும் அளவு இரண்டு முதல் ஐந்து மடங்குவரை கூடியதைப் பதிவு செய்தது. கிராம மையத்தில் பரிசோதிக்கப்பட்ட நோயாளியுடன் தேனியிலிருந்த மருத்துவர் காணொளியில் பேச முடிந்தது.

கார்டெக்டின் விதி, வைஃபையின் உடலுக்குள் புகுந்து வேலை செய்தது என்றே இதை மதிப்பிட வேண்டும். ‘பழைய’ தொழில்நுட்பத்தை ‘புதியது’ வென்றது என்று எழுதும் வரலாறுகள் இந்த இடத்தில் பிழைபடுகின்றன. நாளுக்குச் சில முறை மட்டும் தகவல் அனுப்பும் நீர்மானிகளுக்கும் வயல் உணரிகளுக்கும் இன்று பயன்படும் லோராவான், அலோஹாவின் விதியைத்தான் பின்பற்றுகிறது. அரிதாகப் பேசும் கருவிகளுக்கு 18 விழுக்காடே தாராளம். 2021இல் ஒப்புதல் பெற்ற வைஃபை 6 தரநிலையிலோ, எந்தக் கருவி எப்போது அனுப்ப வேண்டும் என்பதை அணுகுமுனையே ஒதுக்கித் தரும் வசதி சேர்க்கப்பட்டுள்ளது.